மாரிக்குத் தீனி இருந்தால்தான் கோடைக்குப் புல்: டோர்பெல் கிராமத்தில் வாழ்ந்து அறிந்தவை

வாட்ஸப்பில் அடிக்கடி சுற்றி வரும் செய்தி ஒன்று உண்டு: சுவிஸ் மலைக்கிராமம் ஒன்றில் குடியேறச் சம்மதிப்பவர்களுக்கு அந்த ஊரே பல இலட்சம் ரூபாய் கொடுக்கிறதாம். அக்கிராமம் இருக்கும் வாலிஸ் மாநிலத்தில் நான் வசிப்பதால், அச்செய்தி வரும்போதெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் உறவினர்கள் எனக்கு அழைப்பெடுத்து விசாரிக்கிறார்கள். செய்தி முழுப் பொய் இல்லை. அல்பினன் என்ற ஊர் 2017 நவம்பரில் ஊர்க்கூட்டத்தில் வாக்கெடுத்து அப்படியொரு திட்டத்தை ஏற்றுக்கொண்டது. 45 வயதுக்கு உட்பட்டவர்கள் குடியேறினால் பெரியவர் ஒருவருக்கு 25,000 பிராங்க், பிள்ளை ஒருவருக்கு 10,000 பிராங்க். ஆனால் குறைந்தது 200,000 பிராங்க் பெறுமதியில் அங்கே வீட்டுக்கு முதலிட வேண்டும், பத்து ஆண்டுகள் அதில் நிரந்தரமாக வசிக்க வேண்டும், இடையில் வெளியேறினால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பவை பகிரப்படும் செய்தியில் இருப்பதில்லை. கொழும்பிலோ சென்னையிலோ இருந்துகொண்டு விண்ணப்பிக்கவும் முடியாது. சுவிஸில் வதிவிட உரிமை முதலில் கையில் இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளைக் கேட்டதும் சலித்துக்கொள்பவர்களே அதிகம். எனக்கு அவை வியப்பளிக்கவில்லை. ஊரின் பொதுச்சொத்தில் கை வைப்பவன் ஊரில் இருந்து காட்ட வேண்டும் என்பது இம்மலைகளின் பழைய நியதி. நான் குடும்பத்தோடு வாழும் டோர்பெல்லில் அந்த நியதி எழுத்தில் ஏறியே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்த எழுத்தைப் புரிந்துகொண்ட பிறகுதான் அன்றாடம் இங்கே பழகும் முறையும் எனக்குப் பிடிபட்டது என்பதால், வரலாற்றையும் வாழ்க்கையையும் பிரிக்காமலே எழுதுகிறேன்.

ரோன் ஆற்றங்கரையில் உள்ள ஃபிஸ்ப் நகரத்திலிருந்து செர்மாட் பக்கம் போகும் பள்ளத்தாக்கில், ஸ்டால்டனைக் கடந்து, செங்குத்தான சரிவில் வளைந்து வளைந்து ஏறும் வீதியின் மேலே, சுமார் 1500 மீற்றர் உயரத்தில் டோர்பெல் இருக்கிறது. மக்கள்தொகை ஏறக்குறைய 500. ஊருக்கு மேலே மரங்கள் குறைந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், 2000 மீற்றருக்கும் மேல், மோசால்ப் என்ற கோடைகால மேய்ச்சல் நிலம். மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துதான் ஊருக்கும் உலகத்துக்கும் தொடர்பு. எதிரே வருவது தெரியாத வளைவுகளில் அது மூன்று சுரத்தில் ஒலி எழுப்பும்போது மற்ற வாகனங்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஃபிஸ்ப்பில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் எனக்கு வேலை. நகரத்து வாடகை கட்டுப்படியாகாமல்தான் மலைக்கு ஏறினோமே தவிர, இயற்கை அழகை நாடி வந்தோம் என்று சொன்னால் அது பொய்.

வந்த புதிதில் ஊர் மூப்பர் ஒருவர் என்னிடம் 1483 பற்றிச் சொன்னார், ஏதோ போன வருடம் நடந்ததைச் சொல்வது போல. அந்த ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதி டோர்பெல் மக்கள் கூடி, மேய்ச்சல் மலையையும் காட்டையும் தரிசு நிலங்களையும் எவ்வாறு பயன்படுத்துவது என்று விதிகள் வகுத்து ஒரு சங்கமாகக் கையொப்பமிட்டார்கள். அதில் ஒரு விதி வெளியாளைப் பற்றியது: வெளியிலிருந்து வந்தவன் ஊரில் காணி வாங்கலாம், ஆனால் காணி வாங்கியதாலேயே மேய்ச்சல் மலையிலோ பொதுநிலத்திலோ மரம் தறிப்பதிலோ அவனுக்கு உரிமை வந்துவிடாது. அவனைச் சேர்ப்பதா இல்லையா என்பதை ஊரவர்தான் தீர்மானிப்பார்கள். 1517இல் எழுதப்பட்ட இன்னொரு விதி இன்னும் நுட்பமானது. பனி மூடிய மாரிகாலம் முழுவதும் தன் சொந்த வைக்கோலால் எத்தனை மாடுகளுக்கு ஒருவன் தீனி போட முடியுமோ அத்தனை மாடுகளை மட்டுமே அவன் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். அதிகமாக அனுப்பினால் அபராதம். அபராதத்தில் பாதி அதைக் கண்டுபிடித்து விதித்த ஊர் அதிகாரிக்கே. கண்காணிப்பவருக்குக் கூலியை மீறுபவனிடமிருந்தே வாங்கிக் கொடுத்த அந்தத் தந்திரத்தை நான் இன்றும் ரசிக்கிறேன்.

இந்த விதியின் அழகு, பொய் சொல்ல இடமில்லாததுதான். ஒருவரிடம் எவ்வளவு புல்நிலம் இருக்கிறது, அவருடைய களஞ்சியத்தில் எவ்வளவு வைக்கோல் ஏறியது என்பது அயலவர் எல்லோருக்கும் தெரியும். வசந்தத்தில் வெளியூரில் பத்து மாடு வாங்கிவந்து கோடையில் இலவசப் புல் மேய்த்து இலையுதிர் காலத்தில் விற்றுவிடும் வியாபாரிக்கு ஊருக்குள் வழியே கிடையாது. விறகிலும் இதே எச்சரிக்கை. எந்த மரத்தைத் தறிக்கலாம் என்று ஊர் வனக்காவலர் அடையாளமிடுவார். வீட்டுக்காரர்கள் குழுக்களாகச் சேர்ந்து தறித்து, இழுத்து வந்து, ஏறக்குறைய சமமான குவியல்களாக அடுக்குவார்கள். பிறகு யாருக்கு எந்தக் குவியல் என்று சீட்டுக் குலுக்குவார்கள். அடுக்கும்போது தனக்கு எது விழும் என்று தெரியாதவன் ஒரு குவியலைச் சிறிதாக அடுக்க மாட்டான். 1970களின் தொடக்கத்தில் இங்கே வந்து தங்கிய ராபர்ட் நெற்றிங் என்ற அமெரிக்க மானிடவியலாளர் பங்குத்தந்தையின் பதிவேடுகள் முதல் களஞ்சியங்கள் வரை ஆராய்ந்து இவற்றை எழுதினார். பொதுச்சொத்து என்றாலே அது பாழாய்ப்போகும் என்ற வாதத்தை மறுத்து 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம், முதன்மையான எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக டோர்பெல்லைக் காட்டினார்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது எதுவும் அந்நியமாகப் படவில்லை. எங்கள் காணி உறுதியில் நிலத்தின் பரப்போடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பங்கும் எழுதப்பட்டிருந்தன. யாருக்கு எந்த நாள் இறைப்பு என்பது உறுதியைவிட உறுதியாக எல்லோருடைய நினைவிலும் இருந்தது. தகப்பன் காணியைப் பிள்ளைகள் பங்கிட்டு, அதை அவர்களின் பிள்ளைகள் பங்கிட்டு, கடைசியில் ஒரு கிணற்றில் பதினாறில் ஒரு பங்கு என்று முடிவதை நான் கண்டிருக்கிறேன். டோர்பெல்லிலும் சொத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிந்தது. அதனால்தான் இங்கே ஒரே மரவீட்டின் கீழ்த்தளம் ஒரு குடும்பத்துக்கும் மேல்தளம் இன்னொரு குடும்பத்துக்கும் உரியதாகவும், களஞ்சியத்தில் பாதி ஒருவருக்கும் கால் வேறொருவருக்கும் உரியதாகவும் இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் வீட்டுக் களஞ்சியத்தின் பங்காளர்களில் சிலர் வேறு மாநிலங்களில் வாழ்கிறார்கள்; கூரையில் ஒரு கல் விலகினால் யார் செலவு செய்வது என்று தீர்மானிக்க ஒரு கோடைகாலமே போய்விடும்.

தண்ணீர்க் கதை இன்னும் நெருக்கமானது. சுவிஸ் என்றால் எங்கும் மழையும் பசுமையும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் ஸ்டால்டன் சுற்றுவட்டாரம் இந்நாட்டிலேயே மழை மிகக் குறைந்த இடங்களில் ஒன்று. ஆண்டு மழை யாழ்ப்பாணத்துக்குக் கிடைப்பதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. புல்லே விளையாத சரிவுகளைப் பசுமையாக்க, உயரத்தில் உள்ள ஓடைகளிலிருந்து மலையின் விலாவைக் குடைந்தும் மரத் தொட்டிகளைத் தொங்கவிட்டும் நூற்றாண்டுகளுக்கு முன்பே வாய்க்கால்கள் கொண்டுவந்தார்கள். இவற்றுக்கு சூவன் என்று பெயர். யாருக்கு எத்தனை மணிநேரம் தண்ணீர் என்ற உரிமையை முற்காலத்தில் மரக்கட்டைகளில் வெட்டுக்களாகக் குறித்து வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனும் தன் கட்டையில் உள்ள வெட்டைத் தடவிப் பார்த்துக் கணக்குச் சொல்லலாம். வாய்க்காலின் ஓரிடத்தில் சிறு நீர்ச்சக்கரம் ஒன்று சுழன்று மரச்சுத்தியலைப் பலகையில் தட்டிக்கொண்டே இருக்கும். சத்தம் கேட்கும்வரை தண்ணீர் ஓடுகிறது என்று பொருள். நின்றுவிட்டால் எங்கோ உடைப்பு, காவல்காரன் ஓட வேண்டும். வாலிஸ் உட்பட ஐரோப்பாவின் சில பகுதிகளில் தொடரும் இந்தப் பாரம்பரியப் பாசனத்தை 2023இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஊருக்குள் எங்களுக்குக் கதவு திறந்ததும் ஒரு வாய்க்காலில்தான். வசந்தத்தில் பனி கரைந்ததும் வாய்க்கால்களில் விழுந்த கல்லையும் இலையையும் அள்ளிச் சுத்தம் செய்யும் பொதுவேலை நாள் ஒன்று உண்டு. அறிவிப்புப் பலகையில் நாளும் நேரமும் மட்டும் இருந்தன. யாரும் என்னை அழைக்கவில்லை. ஒரு மண்வெட்டியோடு போய் நின்றேன். ஒருவரும் வியப்புக் காட்டவில்லை, வரவேற்கவும் இல்லை. ஒரு முதியவர் மட்டும் என் மண்வெட்டியைப் பார்த்துவிட்டு, இது தோட்டத்துக்கு ஆகும், இங்கே ஆகாது என்று சொல்லித் தன்னிடமிருந்த இன்னொன்றைத் தந்தார். பிறகு, தண்ணீரை வயலுக்குத் திருப்ப வாய்க்காலுக்குக் குறுக்கே செருகும் இரும்புத் தகட்டை எந்தச் சாய்வில் செருக வேண்டும் என்று காட்டினார். சிறுவயதில் மடை கட்டித் திறந்த கை அதை ஒரே தடவையில் செய்துவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. நண்பகலில் ரை (rye) என்ற தானியத்தில் சுட்ட ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைனும் வந்தபோது என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். அடுத்த வாரத்திலிருந்து வீதியில் காண்பவர்கள் என்னைப் பெயர் சொல்லி வணங்கினார்கள்.

ஆகவே சுவிஸ் கிராமத்தில் குடியேற நினைக்கும் நம்மவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். பலகையில் அறிவித்துவிட்டால் எல்லோரையும் அழைத்ததாகத்தான் இங்கே அர்த்தம். போகும்போது நேரத்துக்குப் போக வேண்டும், சொந்தக் கருவி கொண்டுபோக வேண்டும், வேலை முடிந்ததும் நழுவாமல் கடைசிக் குவளைவரை உட்கார்ந்திருக்க வேண்டும். மது அருந்தாதவர் அப்பிள் சாறு கேட்கலாம்; யாரும் தவறாக எடுப்பதில்லை. தீயணைப்புப் படையும் அப்படியே. பல கிராமங்களில் அது ஊர்க்கடமை; சேராதவர்கள் பதிலுக்கு ஒரு கட்டணம் கட்டுவார்கள். கட்டணம் கட்டித் தப்புவது எளிது. ஆனால் மாதக்கணக்கில் மொழி வகுப்பில் கற்காத பேச்சு வழக்கு, தண்ணீர்க் குழாயைச் சுருட்டும் இடத்தில் காதில் ஏறிவிடும். வாலிஸ் மலைப் பேச்சு சூரிச் மக்களுக்கே எளிதில் விளங்காது என்பதால் விளங்கவில்லையே என்று வெட்கப்படத் தேவையில்லை.

அன்றாட ஒழுங்குகளில் சில எழுதப்பட்டவை, சில எழுதப்படாதவை. குடிவந்து 14 நாள்களுக்குள் கெமைண்டே எனப்படும் ஊராட்சி அலுவலகத்தில் பதிவது சட்டம். குப்பைக்குக் கட்டணம் சேர்த்து விற்கப்படும் பையைத்தான் பயன்படுத்த வேண்டும். கண்ணாடி, கடதாசி, தகரம் எல்லாம் வேறு வேறாகச் சேகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் போத்தல்களைக் கொட்டுவதும் துளையிடும் இயந்திரத்தை இயக்குவதும் கூடாது. இவற்றை யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். எழுதப்படாதவைதான் முக்கியமானவை: ஒழுங்கையில் எதிர்ப்படும் எவரையும், சிறுவரானாலும், "டாக்வோல்" என்று முகம் பார்த்து வாழ்த்தாமல் கடக்கக் கூடாது. பனி பெய்த காலையில் உன் வாசலை மட்டும் வழித்துவிட்டு உள்ளே போனால் பக்கத்து வீட்டு முதியவரின் படி எல்லோர் கண்ணிலும் படும். செத்தவீட்டுக்குப் போக வேண்டும், இறந்தவரைத் தெரியாவிட்டாலும்; இந்தக் கத்தோலிக்க ஊரில் தேவாலயம் நிறைந்திருப்பது அப்போதுதான். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் புலம்பெயர்ந்த பின் நம்மில் பலர் அயலவர் வீட்டுத் துக்கத்துக்கு அழைப்பிதழ் எதிர்பார்க்கப் பழகிவிட்டோம்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய வீடுகள் லார்ச் என்ற ஊசியிலை மரத்தால் ஆனவை. நூற்றாண்டு வெயிலில் கருகிக் கறுத்திருக்கும். கல்லால் கட்டிய பின்பகுதியில் சமையலறை, மரப்பகுதியில் வசிக்கும் அறை; நடுச் சுவரில் மாக்கல்லால் செதுக்கிய அடுப்பு. எங்கள் அறையில் உள்ள அடுப்பின் நெற்றியில் அதைக் கட்டியவர்களின் பெயர் முதலெழுத்துகளும் ஆண்டும் பொறித்திருக்கின்றன. காலையில் சமையலறைப் பக்கமிருந்து ஒரு கூடை விறகை மூட்டிவிட்டால் கல் மெல்ல மெல்லச் சூடேறி இரவுவரை வெப்பம் தரும். அவசரப்பட்டு அதிகம் மூட்டினால் கல் வெடிக்கும். தானியக் களஞ்சியங்கள் குட்டையான கால்கள்மேல் நிற்கும். ஒவ்வொரு காலின் தலையிலும் அகன்ற வட்டக் கல் ஒன்று வைத்து அதன்மேல் கட்டடத்தை எழுப்பியிருப்பார்கள். காலில் ஏறும் எலி அந்தக் கல்லின் அடிப்புறத்தைத் தாண்ட முடியாமல் திரும்பிவிடும். அங்கே சேமித்த ரை மாவில் ஊர்ப் பொது அடுப்பில் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் ரொட்டி சுட்டு, மாதக்கணக்கில் வைத்து, கல்லாய் இறுகியதைத் தனிக் கத்தியால் உடைத்துத் தின்றார்கள். வாலிஸ் ரை ரொட்டிக்கு 2004இல் பாதுகாக்கப்பட்ட பெயர் கிடைத்துவிட்டது. இப்போது அது சுற்றுலாப் பயணிகளின் தட்டில் உலர்ந்த இறைச்சிக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறது.

இந்தச் சரிவில் விளைவதைக் கொண்டு இத்தனை வயிறுகளைத்தான் நிரப்பலாம் என்ற எல்லை நெடுங்காலம் நீடித்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு வந்த பிறகுதான் அதே சரிவு கூடுதல் வயிறுகளை நிரப்பியது. அதற்கு முன் வயது சென்றபின் மணம் முடிப்பதும், பலர் மணமுடிக்காமலே இருப்பதும் ஊரின் கணக்கைச் சரிசெய்தன. 20ஆம் நூற்றாண்டில் ஃபிஸ்ப்பில் லோன்சா இரசாயனத் தொழிற்சாலை வந்ததும் ஆண்கள் மலையை விட்டுப் போகாமலே தொழிலாளர் ஆனார்கள்: பகலோ இரவோ ஒரு வேலைமுறை ஆலையில், மீதி நேரம் புல் அறுப்பு. மாட்டுக்குப் பதிலாகக் கறுப்பு முகச் செம்மறிகள் பெருகியதற்கு ஒரு காரணம், ஆலை வேலைக்குப் போகிறவனுக்கு அவற்றைக் கவனிப்பது எளிது என்பதே. அந்த நாள்களில் தண்ணீர் முறையையும் மாட்டுத் தொழுவத்தையும் நடத்தியவர்கள் பெண்கள். அவர்களுக்கு நாடளாவிய வாக்குரிமை 1971இல்தான் கிடைத்தது. மலைமுதுகுக்கு அப்பால் உள்ள உண்டர்பேக் கிராமம் மட்டும் 1957 மார்ச்சில் அரசின் தடையை மீறித் தன் பெண்களை வாக்களிக்க அழைத்தது. ஊர்த்தலைவரின் மனைவி கத்தரினா சென்ஹொய்சர்ன் முதல் வாக்கைப் பெட்டியில் இட்டார். அவ்வாக்குகள் செல்லாதவை என்று தள்ளப்பட்டன. சிறிய ஊர்கள் எப்போதும் பழமையில் ஊறிக் கிடப்பவை என்று சொல்பவர்களிடம் நான் உண்டர்பேக்கைச் சொல்வேன். அதே ஊர்களில் 1971க்குப் பிறகும் மனம் மாறாத கிழவர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

இன்று டோர்பெல்லில் மாரி இரவில் நடந்தால் பல யன்னல்கள் இருண்டிருக்கும். அவை விடுமுறை வீடுகள். 2012 மார்ச்சில் நாடு வாக்கெடுத்து, ஓர் ஊரின் வீடுகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் இரண்டாம் வீடுகளாக இருக்கக் கூடாது என்று வரம்பிட்டது; வாலிஸ் அதைக் கடுமையாக எதிர்த்து வாக்களித்த மாநிலம், ஏனென்றால் கட்டட வேலை இங்கே பலரின் சோறு. எனக்கு அவ்விதி 1483இன் பேரப்பிள்ளையாகவே தோன்றுகிறது. வீடு வாங்குபவர்களுக்கு இதில் நேரடியான பயன் உண்டு: விலை குறைவாகத் தெரியும் வீடு நிரந்தரக் குடியிருப்புக்கு மட்டுமா, விடுமுறைக்கும் விற்கத் தக்கதா என்று காணிப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். தளம் தளமாகப் பிரிந்த பழைய வீடானால் கூரையும் புகைபோக்கியும் நடைவழியும் யாருடையவை என்பதையும், களஞ்சியப் பங்கு விற்பனையில் சேர்ந்ததா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். ஆபத்தின் அளவை நிறங்களால் காட்டும் ஊர் இடர் வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று கெமைண்டேயில் கேட்பது இன்னும் முக்கியம். 2025 மே 28 அன்று லோட்சன் பள்ளத்தாக்கில் பிளாற்றன் கிராமத்தின் பெரும்பகுதியைப் பனியாறும் பாறையும் சேர்ந்து மூடியபோது, அங்கிருந்த ஏறக்குறைய 300 பேர் ஒன்பது நாள்களுக்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். அறிவிப்பு வந்த அன்றே வாதம் பண்ணாமல் எழுந்து போனதால் அவர்கள் பிழைத்தார்கள். பெப்ரவரி முதல் புதன்கிழமை பிற்பகல் நாடெங்கும் அபாயச் சங்கை ஊதிச் சோதிக்கும்போது நம் வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

வாடகைக்கு வருபவர்களுக்கு இன்னும் இரண்டு சொற்கள். வீடு பார்க்க ஜூலையில் வர வேண்டாம், பெப்ரவரியில் வாருங்கள். எத்தனை மணிக்கு வெயில் சுவரில் படுகிறது, எத்தனை மணிக்கு மறைகிறது, கடைசிப் பேருந்து எப்போது, சூடாக்கும் செலவு வாடகையில் சேர்ந்ததா என்பவை அப்போதுதான் தெரியும். பின்னேர வேலை செய்பவர் கார் இல்லாமல் இங்கே வாழ முடியாது.

குடியுரிமை பற்றியும் கேட்கிறார்கள். பத்து ஆண்டு வசிப்பும் நிரந்தர வதிவிட அனுமதியும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். எங்கள் விண்ணப்பத்தின்போது சட்டத்தைவிட ஊரைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடம் இருக்காது, பூர்வீக ஊர் என்ற இடத்தில் குடியுரிமை தந்த ஊரின் பெயர் இருக்கும். ஆகவே வலிகாமத்தில் பிறந்த என் பூர்வீக ஊர் இப்போது டோர்பெல். ஆனால் வாலிஸில் ஊர்க்குடியுரிமை வேறு, மேய்ச்சல் மலையையும் காட்டையும் வைத்திருக்கும் பழைய ஊர்க்குடும்பங்களின் சங்கத்தில் உறுப்புரிமை வேறு. அதற்குத் தனியாக விண்ணப்பித்து அவர்கள் வாக்கெடுக்க வேண்டும். என்னிடம் மாடு இல்லாததால் நான் இதுவரை விண்ணப்பிக்கவில்லை. மகள் இரண்டு செம்மறிகள் வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். மாரிக்கு வைக்கோல் எங்கே என்று நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.